மீட்டர்காரரின் பாதம்

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோரும் அவரை மீட்டர்காரர் என்றே கூப்பிட்டார்கள். தன் கால்கள்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் கால்களுக்கே தெரியும் என்பார்.

மனைவி கிடைத்ததும் அந்தக் கால்களின் தயவில்தான். அவள் வீட்டு மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இருந்தது. மாதம் ஒருமுறை வர வேண்டியவர், எண் சரியாகத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லி மூன்று முறை வந்தார்.

சர்க்கரை வந்து பதினைந்து வருடம். ஒருநாள் கடைவீதி சுற்றிவிட்டு வந்து ஷூவைக் கழற்றினால் காலுறையெல்லாம் ரத்தம். மனைவி ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள். சின்ன ஸ்க்ரூ ஒன்று விழுந்தது. அதன்மேலேயே அத்தனை தூரம் நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லையே, அப்புறமென்ன என்றார் அவர். அந்தப் பேச்சுதான் அவளைப் பயமுறுத்தியது. மறுநாள் காலையே ஆஸ்பத்திரிக்குக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். நைலான் இழையால் பாதத்தைத் தொடுவேன், பட்டதும் சொல்லுங்கள் என்றாள். அவர் காத்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். கண்ணைத் திறந்தார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து இடத்துல தொட்டுட்டேன் ஐயா," என்றாள் நர்ஸ்.

ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது, உணர்ச்சிதான் போய்விட்டது. பெருவிரலுக்கு அடியில் தடித்துப் போயிருந்த தோலைச் சீவி எடுத்தபோது, வெளியே தெரிந்ததைவிட உள்ளே புண் பெரிதாக இருந்தது. நல்லவேளை, எலும்பு வரை போகவில்லை. புண்மேல் பாரம் விழக் கூடாதென்று முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வாரம் ஒருமுறை பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி கட்டினார்கள்.

வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியே கதியென்று கிடந்தார். நடக்க முடியாத தெருக்களை வாயால் நடந்தார். பேக்கரி வீடு, இரட்டைப் பிள்ளைகள் வீடு, வாசலில் சைக்கிள் தொங்கும் வீடு என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். மனைவி துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் வரிசையில் அவள் வீடு வந்ததும் குரல் தழைந்து நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நம்பர் நல்லாத்தான் தெரிஞ்சுது," என்றாள் அவள். "நீங்க போனப்புறம் நான் போய்ப் பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுபடி வந்திருப்பீங்களா?"

நாற்பது வருடம் இதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பதினாலாவது வாரம் புண் மூடியது. ஆறின இடம் திரும்பவும் திறக்கலாம், தினமும் பாருங்கள் என்று நர்ஸ் எச்சரித்தே அனுப்பினாள். அகலமான புது ஷூவில் அவர் தெருமுனை வரைக்கும்தான் போகிறார், அதுவும் மனைவியோடு.

தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை அவள் மடியில் வைப்பார். விரலிடுக்கெல்லாம் துடைத்து, குதிகாலைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள்.

"ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல. அடுத்த கால வைங்க."