மஞ்சளாகாத தண்ணீர்

தம்பி இதயத்தைத் திறந்து மூடினால் ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. அக்கா குழாயைத் திறந்து மூடினால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இருவருமே டாக்டர்கள்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்!

அன்று காலைப் பேப்பரில் தம்பியின் படம். பிழைத்த ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அப்பா பத்துத் தடவை பார்த்துவிட்டார்.

"நீயும் இப்படி ஒரு உயிரைக் காப்பாத்தக் கூடாதாம்மா?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே ஆசைப்பட்டார். அதுதான் சுருக்கென்று தைத்தது. நகரின் சுகாதார அதிகாரி அவள். மூன்று வருஷமாக ஊரில் காலரா இல்லை. வராத நோய்க்கு யார் வந்து கையைப் பிடித்து அழுவார்கள்?

அந்தப் பொருமலோடுதான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டாள். கிருமியைக் கொல்லும் குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. உடனே வால்வை அடைத்திருக்க வேண்டும். அவளோ ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டே நாள் விட்டால் போதும், ஆஸ்பத்திரியில் காலரா வார்டு நிரம்பும், இவள் ராப்பகலாக ஓடுவாள், பேப்பர்க்காரன் வருவான், அப்பா பார்ப்பார்...

கால்மணி நேரம். 'அடிப்பாவி!' என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கி ஓடி வால்வை அடைத்தாள். அதற்குள் பதினோரு குடம் போயிருந்தது. வீடு வீடாக ஏறிக் கெஞ்சிக் கொட்டவைத்தாள். கடைசி வீட்டில் ஒரு வாண்டு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"வயித்தால போனாலோ வாந்தி எடுத்தாலோ உடனே எனக்குப் போன் பண்ணும்மா" என்று தாயிடம் நம்பரைக் கொடுத்தாள். மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த வாசலில் போய் நின்றாள். சோறு இறங்கவில்லை. தம்பி ஞாபகமே வரவில்லை.

ஐந்தாம் நாள் வாண்டு தெருவில் ஓடிக் குதித்துக்கொண்டிருந்தது. காலரா வருவதானால் இதற்குள் வந்திருக்கும்; இனிப் பயமில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தாய் வெளியே வந்தாள். "ஏம்மா, தண்ணியையும் நிறுத்திட்டீங்க. இப்ப தினமும் வந்து என் புள்ளயையே வெறிச்சுப் பாக்குறீங்க. அடுத்தவங்க நல்லா இருந்தா உங்களுக்குப் பொறாமையா?"

"ஆமாம்மா" என்றாள் டாக்டர். "பொறாமைதான்."