சும்மா கொடுத்த வைக்கோல்

சன்னல் மேடையில் இரண்டு பழைய பெயின்ட் டப்பாக்கள். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே பையிலிருந்து எடுத்துப் போட்ட பீன்ஸ் விதை. ஒன்றில் வாசல் மண், மற்றதில் தோட்டத்துப் பாத்தி மண். பத்து நாளாகக் காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் பார்வை அவற்றின் மேல்தான். முகம் கழுவுவது, இருமுவது எல்லாம் பிறகு.

இருமல் எட்டு வருடச் சம்பாத்தியம். பெரிய பண்ணையின் தானிய வயலில் முதுகில் டேங்க் சுமந்து களை மருந்து அடிக்கிறாள். "அடுத்த பருவமும் அந்த மருந்தைத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் வீட்டைச் சுற்றிக் கிடந்த அரை ஏக்கரைக் கொத்தினார்கள். அது சோறு போட்டுவிட்டால் டேங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பட்டறை மூடியதில் வேலை போன அவள் புருஷன், ஞாயிறுதோறும் நூலகத்தில் பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போனான். சரிவில் மழைத்தண்ணீரை நிறுத்துவது, குப்பையை உரமாக்குவது, வெளியே கையேந்தாமல் வீடே தன்னைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நோட்டில் எழுதி வந்து பாடம் நடத்துவான். அவள் அவனுக்கு 'வாத்தியார்' என்று பேர் வைத்துவிட்டாள்.

மண்ணை வெறும் உடம்போடு விடக் கூடாது என்பான் வாத்தியார். அளவெடுத்துச் சட்டை தைத்துப் போடவா என்பாள். கடைசியில் அந்தச் சட்டையைக் கொண்டுவந்ததும் அவள்தான். அறுவடை முடிந்ததும் பண்ணையில் வேலையாட்களுக்கு வைக்கோல் சும்மா கொடுத்தார்கள். நாற்பது கட்டு வாங்கிப் பாத்தியெல்லாம் மண் தெரியாமல் மூடாக்காகப் பரப்பினார்கள். மீதியை உரக்குழியில் மக்க வைத்து மண்ணோடு கலந்தார்கள்.

முதலில் தக்காளி இலை சுருண்டது. பிறகு பீன்ஸ், பிறகு உருளைக்கிழங்கு. பூச்சி என்றான் அவன். தண்ணீர் கூடிப்போச்சு என்றான். சாம்பல் தூவிப் பார்த்தான். அவள் பாத்தி ஓரத்து மக்காச்சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் கொழுகொழுவென்று நின்றது. அகன்ற இலையெல்லாம் சாகிறது, புல் சாதி பிழைக்கிறது. இந்தச் சுருட்டல் அவளுக்குப் பழக்கம். மருந்தடித்தால் வயலில் களைகள் இப்படித்தான் கரண்டி மாதிரி குவிந்து முறுக்கிக்கொள்ளும். அவனிடம் சொல்லாமல் டப்பாக்களில் விதை போட்டாள்.

இன்று பதினோராம் நாள். வாசல் மண்ணில் செடி இலை விரித்து நின்றது. பாத்தி மண்ணில் முளைத்தது கரண்டியாய்க் குவிந்து கழுத்தை முறுக்கிக்கொண்டிருந்தது.

"இங்க வாய்யா."

அவன் வந்து குனிந்து பார்த்தான். "நம்ம பாத்தி மண்ணா? என்ன கோளாறு அதுல?"

"மண்ணுல இல்ல, வைக்கோல்ல. நான் அடிச்ச மருந்து."

"மழை பேஞ்சு மக்கியே போச்சே. இன்னுமா இருக்கும்?"

"இருக்கே. கண்ணால பாக்குறியே."

அவன் டப்பாவைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான். "மூடாக்கு போடச் சொன்னாங்க. எந்த வயல் வைக்கோல்னு நான் கேக்கல."

"அடிச்ச எனக்கே தோணல. நீ எங்க கேக்க."

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் கைகள் மேல்தான் வந்தது. வெளியே பண்ணை வேன் ஹாரன் அடித்தது. இன்றுதான் இந்தப் பருவத்தின் முதல் அடிப்பு.

மருந்துக் கொட்டகையில் மேஸ்திரியிடம் கேட்டாள். "அண்ணே, இது வைக்கோல்ல எத்தனை நாள் நிக்கும்?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேனைத் திருப்பினார். எறும்பு எறும்பாக எழுத்து. விரல் வைத்துப் படித்தார். "மருந்தடிச்ச பயிரோட வைக்கோலை மூடாக்காவோ உரமாவோ போடக் கூடாதாம். ரெண்டு வருஷம் வரைக்கும் செடிக்கு ஆபத்தாம்."

"எட்டு வருஷமா இதைத்தான கலக்குறேன். ஒருத்தரும் படிச்சுக் காட்டலயே."

"நீ கேக்கலயே." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "வெளியாள் எவனும் இந்த வைக்கோலை வாங்குறதில்ல. பின்ன எதுக்குச் சும்மா குடுக்குறாங்கன்னு நெனச்ச? சரி சரி, காத்து கிளம்புறதுக்குள்ள அடிச்சு முடி."

இரண்டு வருடம். அவள் மூடியால் மருந்தை அளந்து ஊற்றி, தண்ணீர் நிரப்பி, டேங்கை முதுகில் ஏற்றினாள். வார் இரண்டும் தோளில் காய்த்துப்போன பழைய தடத்திலேயே போய் உட்கார்ந்தன. முதல் வரிசையில் இறங்கினாள். அவள் நடக்க நடக்க, அடுத்த அறுவடையின் வைக்கோல் இரண்டு பக்கமும் இளம்பச்சையாக நனைந்தது.