பச்சை எழுத்து

எழுத்தை மறைக்க அண்ணன் தொங்கவிட்ட சாமந்தி மாலையைப் பிடுங்கி அப்பாவின் கால்மாட்டில் வீசினாள் அருணா. இது மூன்றாவது தடவை. ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில் பச்சை எழுத்துகள் மறுபடியும் பளிச்சென்று தெரிந்தன: ‘பள்ளிவாசல் ஜமாத் – எல்லா மதத்தினருக்கும்.’

அண்ணன் கோகுலகிருஷ்ணன் பல்லைக் கடித்தான். “ஏய், சொந்தக்காரங்க வர்ற நேரம். திண்டிவனத்துல இருந்து வேற பெட்டி ஜல்தியா வரவச்சிடலாம்னு சொன்னேன்ல?”

“இதான் இருக்கும். வர்றவங்க எல்லாம் படிக்கட்டும்.”

அதற்காகத்தானே விடிந்ததும் முதல் வேலையாக ஜமாத்துக்குப் போன் போட்டாள்! சேர்த்து வைத்த ஆத்திரம் சும்மா விடுமா? கொரோனாவில் அம்மா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது, பெற்ற பிள்ளையும் சரி, தாலி கட்டிய புருஷன், இப்போது பெட்டிக்குள் கிடக்கும் இந்தச் சீனுவாசனும் சரி, வாசலைத் தாண்டவில்லை. ஜமாத் ஆட்கள்தான் கவச உடை மாட்டிக்கொண்டு தூக்கினார்கள். சுடுகாட்டில் அருணா கையாலேயே கொள்ளி வைக்கச் சொன்னார்கள்.

‘உன் பொண்டாட்டிய பாய்ங்கதான தூக்கிப் போட்டாங்க’ என்று ஊரில் எவனோ குத்திக்காட்டினான். அந்த ரோஷத்தை மனுஷர் யார்மேல் காட்டினார் தெரியுமா? தூக்கியவர்கள்மேல்! அவர்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போகும் வழியை, வேர்க்கடலை போட்ட தன் மல்லாட்டைக் கொல்லை ஓரமாக முள்கம்பி இழுத்து அடைத்தார். ‘என் பட்டா, என் இஷ்டம்’ என்றார். அன்றிலிருந்து அவர்களில் யார் இறந்தாலும் மையத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறார்கள். அருணா அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். மசியவில்லை. இப்போது படுத்துக் கிடக்கட்டும், அவர்கள் பெட்டியிலேயே.

மதியம் பெட்டியின் இரைச்சல் நின்று நின்று வந்தது. ஜமாத்திலிருந்து கவுஸ் பாய் வந்து பிளக்கைச் சரிசெய்தார். அம்மாவின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கியவர் அவர். எழுத்தையும், கசங்கிய மாலையையும், அருணாவின் முகத்தையும் பார்த்தவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியின் கைப்பிடியில் செருகி எழுத்தை மூடினார்.

“எடுங்க பாய்! உங்களுக்காகத்தான் பண்றேன்.”

“எங்களுக்காகவா?” அவர் குரலை உயர்த்தவில்லை. “எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காதம்மா. எங்கம்மாவ அந்த ஏரிக்கரைய சுத்திக்கினுதான் தூக்கினு போனேன். மழை. ரெண்டு தடவ காலு வழுக்குச்சி. ஆனா செத்தவர அடிக்கிறதுக்கு எங்க பெட்டிய எடுக்காத. அது அதுக்கு இல்ல.”

அருணாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆத்திரம் இறங்கவில்லை.

நாலு மணிக்கு மேளத்தோடு அப்பாவை எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் வீடு கழுவினார்கள். பெட்டி வைக்கும் ஷெட் கபர்ஸ்தானை ஒட்டி இருந்தது. கவுஸ் பாய் காலிப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

“பாய், நில்லுங்க.”

கம்பி இழுக்க அப்பா வாங்கிய கட்டிங் பிளேயர் கொட்டகையில்தான் கிடந்தது. அதை எடுத்துவந்து வேலியை வெட்டினாள்; முதல் கம்பி தெறித்து அவள் முழங்கையைக் கீறியது.

“உங்கண்ணன் சும்மா இருக்க மாட்டாரும்மா.”

“வரட்டும். பாதிக் கொல்லை என்னுது.”

கடைசிக் கம்பியும் விழுந்தது. சுடுகாட்டுப் பக்கம் மேளம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கவுஸ் பாய் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துவிட்டு, வண்டியைப் புல் மண்டிய வழியில் ஏற்றினார். அருணா பின்னால் கைகொடுத்துத் தள்ளினாள். பச்சை எழுத்தின்மேல் அவர் போட்ட துண்டு அப்படியே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.