இரண்டு மணி நேரக் குரல்

மர்சலின் மருந்துக் குப்பியின் கழுத்தைச் சிறிய அரத்தால் கீறி ஒடித்தாள். அதுதான் கடைசிக் குப்பி. யுத்தத்தில் கப்பல் வராததால் மவுண்ட் ரோடு மருந்துக் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள்.

கட்டிலில் கிடந்தாள் அக்கா ஐரின். இமைகள் பாதி மூடியிருந்தன. காலையிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. சாந்தோம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டிய குரல் மூக்கால் முனகியது.

ஊசி போட்ட கால் மணி நேரத்தில் இமைகள் ஏறின. ஐரின் தானே எழுந்து உட்கார்ந்தாள்.

அப்போது பார்த்து அவள் கணவன் அல்போன்ஸ் உள்ளே வந்தான். ‘வேலைக்குப் பயந்து நடிக்கிறா’ என்று அவளைத் தங்கை வீட்டில் விட்டுப்போய் இரண்டு வருடமாகிறது.

“ஜம்முனு உக்காந்துகினு இருக்கா. சாகக் கெடக்கான்னு சொல்லி அனுப்பிச்சே?”

“ஊசியால மாமா. நரம்பு நுனியில ஊறுற சத்து, சின்ன இடைவெளியைத் தாண்டிச் சதையைத் தொட்டாத்தான் கைகால் அசையும். அக்காவுக்கு அது பத்தலை. ஊசி ரெண்டு மணி நேரம் தாக்குப் பிடிக்கும்னு டாக்டர் சொன்னாரு.”

“ஊசி குத்துனதும் பறந்துபோற நோவா? நடிப்பு இல்லாம இது இன்னா?”

ஐரின் பேப்பர் கேட்டாள். நடுக்கமில்லாமல் எழுதி, வாசித்தாள்.

“நான் இறந்தபின் என் உடலை மருத்துவக் கல்லூரியில் அறுத்துப் பார்க்க வேண்டும். கண்டதை என் கணவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.”

“பைத்தியமா உனக்கு? நம்ம குடும்பத்துப் பொம்பளை ஒடம்பை...”

“பொய் சொல்லுதுன்னு நீங்க சொன்ன ஒடம்பு. கொடத்தோட விழுந்து கெடந்தப்ப தாண்டிப் போனீங்களே, அந்த ஒடம்பு. சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

அல்போன்ஸ் போடவில்லை. மர்சலின் போட்டாள்.

“அறுத்தாலும் ஒண்ணும் தெரியாமப் போகலாமாம், அக்கா.”

“அப்பவும் பாக்கட்டும்.”

நான்கு மணிக்குச் சொற்கள் மறுபடி மூக்குக்குள் போயின. ஐந்தரைக்கு மூச்சு நின்றது.

மறுநாள் காலை கல்லூரி வண்டி வந்தபோது அல்போன்ஸ் வாசலை மறித்து நின்றான்.

“பெட்டிக்குச் சொல்லிட்டேன். நேரா கல்லறைக்குத்தான்.”

“பரிசோதனை முடிஞ்சதும் அடக்கம். வழி விடுங்க மாமா.”

“நான் புருஷன்டி.”

“நடிப்புன்னா உள்ள ஒண்ணும் இருக்காதே. ஏன் பயப்படுறீங்க?”

அவன் நகரவில்லை. மர்சலின் உள்ளே போய் அக்காவின் தலைமாட்டைத் தானே பிடித்தாள். வண்டிக்காரர் கால்மாட்டைத் தூக்கினார். வாசலருகே வந்ததும் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பியது. காற்றில் துணி விலகி அக்காவின் பாதம் தெரிந்தது. மர்சலின் அதை மூடவில்லை. கையால் பற்றிக்கொண்டாள்.