கைக்குத் தெரிந்த கனம்

தலைக்கு மேலிருந்து உல்யானாவைப் பனியில் இறக்கிவிட்டதும் ரோத்யாவின் இடது கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. மடங்கு என்றால் மடங்காமல், யாருடைய கையோ போலத் தோளிலிருந்து தொங்கியது. அவள் கண்ணில் படக்கூடாதென்று அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வேகம் அடங்குகிற வரைக்கும் அவளோடு ஒட்டியே சறுக்கிக்கொண்டு போனான். பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஆட்டத்தில் ஒரு நளினம் மாதிரிதான் தெரிந்திருக்கும். பனித்தளத்தின் மரத்தடுப்பைப் பிடித்து நின்றதும் அவள் தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"எப்படி இருக்கேன்?"

"நேத்து மாதிரிதான்."

"பொய் சொல்லாத."

"சரி, நேத்தைவிடக் கொஞ்சம் லேசு. போதுமா? மூக்கைத் துடை, ஒழுகுது."

அவள் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபோது கன்னத்து எலும்பு தோலை முட்டியது. வாரா வாரம் நர்ஸ் அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்க்கத்தான் செய்தாள். உல்யானாவுக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. தண்ணீர் குடித்தால் ஒன்று காட்டுகிறது, குடிக்காவிட்டால் ஒன்று காட்டுகிறது, உன் கைதான் சரியாகச் சொல்லும் என்பாள். சின்னப் பிள்ளைகளாக இந்த ஊருக்கு வந்து, காமா ஆற்றங்கரையில் இருக்கிற இந்தப் பனித்தளத்தில் ஜோடி சேர்த்துவிடப்பட்ட நாளிலிருந்து அவளைத் தூக்கியது அந்தக் கை ஒன்றுதான். அவளுக்குக் காய்ச்சல் வரப்போவது அவள் அம்மாவுக்கு முன்னால் ரோத்யாவின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. போன குளிர்காலம் முடிகிறபோதே தெரிந்துவிட்டது. எடை பெரிதாக ஏறவில்லை, ஏற அவள் விடவில்லை. ஆள் நீண்டுகொண்டே போனாள். ஒரு மூட்டையும் ஒரு நெட்டை உத்தரமும் தராசில் ஒன்றாக இருக்கலாம், தோளுக்கு ஒன்றாகாது. ரோத்யாவின் அப்பா ரயில் சரக்குக் கொட்டகையில் உப்பு மூட்டை ஏற்றியவர். உப்பைக்கூடத் தூக்கிவிடலாம், நீளமானதைத்தான் தூக்க முடியாது, அது காற்றில் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வார். உல்யானாவைத் தலைக்கு மேலே ஏந்தி ஒற்றைக் கையில் சுழலும்போது அவளுடைய நீண்ட கால்கள் தன்னிஷ்டத்துக்குத் திரும்பின. ஒவ்வொரு சுழற்சியிலும் தோளுக்குள் ஏதோ நூல் நூலாகப் பிரிவது அவனுக்குக் கேட்டது.

அவன் வாயைத் திறக்கவில்லை. பயிற்சியாளர் தமாரா இக்னாத்யெவ்னாவுக்கும் கண் இல்லாமல் இல்லை. "இவ என்ன, மழை பெஞ்ச காளான் மாதிரி வளர்றா. உன்னால முடியுதாடா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். "முடியுது" என்றான். "அப்புறம் ஏன் பீரோ நகர்த்துறவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே? தூக்குறது பொண்ணை. சிரிச்சுக்கிட்டே தூக்கு" என்று விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் உல்யானா தன் தட்டிலிருந்த கிரெச்கா தானியக் கஞ்சியில் முக்கால்வாசியை அவன் தட்டில் தள்ளுவாள். "நீ தின்னு. நீ தின்னாத்தான் எனக்குப் பலம்." அவனும் தின்றான். பரிமாறுகிற லூசியா அக்கா கரண்டியை ஆட்டிக்கொண்டு, "நல்லா இருக்குடி உங்க குடித்தனம். இவ பட்டினி, அவன் ரெண்டு பேருக்கும் சேத்துத் திங்கிறான். கல்யாணம் பண்ணினாலும் இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவாள். உல்யானா காது சிவந்து போவாள். ரோத்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டான்.

மே மாதத்தில் ஒருநாள். கசானிலிருந்து மராத் என்ற பையன் வந்திருந்தான். கதவு மாதிரி ஆள். அவனுடைய ஜோடிப் பெண் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாளாம், புதிதாக ஒருத்தி வேண்டும். தளத்தில் எல்லோரும் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவன் உல்யானாவைக் கேட்டான். அப்படிக் கேட்பது சின்ன விஷயமில்லை. இந்தத் தொழிலில் பெண்கள் மந்தை மந்தையாக நிற்கிறார்கள், ஆண்பிள்ளைதான் கிடைப்பதில்லை. ஜோடி போன பையனுக்கு மறுநாளே வரிசை கட்டி நிற்பார்கள். ஜோடி போன பெண் ஸ்கேட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் டிராம் நிறுத்தத்தில் உல்யானா அவனிடம் கேட்டாள். ஆற்றில் பனி உடைந்து போய்க்கொண்டிருந்தது, காற்று ஈரமாக அடித்தது. "ரோத்யா, நிஜத்தைச் சொல்லு. நான் உனக்குக் கனமாயிட்டேன்னா இப்பவே சொல்லிடு. மராத் கூடப் போயிடறேன். கோவிச்சுக்க மாட்டேன். உன்மேல சத்தியமா."

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அவன் வாயில் வந்தது வேறு. "பஞ்சு மாதிரி இருக்கே. அந்த எருமை உன்னைக் கூரை மேல வீசிடுவான், அப்புறம் நான்தான் ஏணி கொண்டு வரணும்."

அவள் சிரித்தாள். டிராமில் போகும்போதே மராத்துக்குப் போனில் இல்லையென்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று ரோத்யா பிறகு பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்தான். காதல் என்று சொல்லிக்கொண்டால் பெருமையாகத்தான் இருக்கும், அது மட்டும் இல்லை. இன்னொருத்தியின் இடுப்பைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க அவனுக்குப் பயம். அவள் இன்னொருவன் தலைக்கு மேலே கையை விரித்துக்கொண்டு போவதைப் பார்க்கவும் பயம். கூடவே, எப்படியாவது முடிந்துவிடும், இன்னும் கொஞ்சம் கஞ்சி தின்றால், இன்னும் கொஞ்சம் இரும்பு தூக்கினால் சரியாகிவிடும் என்ற ஒரு மடத்தனம்.

நவம்பர் தொடக்கத்தில் தோள் விட்டுவிட்டது. தளத்தின் நடுவில், அவளை ஏந்தி இரண்டாவது சுற்று திரும்பும்போது. மேலே அவள் உடம்பு சாய்வது தெரிந்தது. பிடித்து நிறுத்தக் கையில் ஒன்றுமில்லை. அவன் தன் உடம்பை அவளுக்கு அடியில் போட்டான். பனியில் தலை மோதிய சத்தம் அவனுடையது. அவள் அவன் மேல் விழுந்து, உருண்டு எழுந்து, "ரோத்யா, ரோத்யா, எனக்கு ஒண்ணுமில்ல, உனக்கு?" என்று அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். தமாரா இக்னாத்யெவ்னா நாற்காலியில் இருந்தாள். உல்யானா சுவரோரம், விழுந்த உடையோடு, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இது இன்னிக்கு வந்த கிழிசல் இல்ல," என்றார் டாக்டர். "இன்னிக்கு மிச்சம் அறுந்திருக்கு, அவ்வளவுதான். இங்க பாருங்க, பழசு. ஆறி, திரும்பக் கிழிஞ்சு, ஆறி. வசந்த காலத்துலயே ஆரம்பிச்சிருக்கணும். தம்பி, உனக்கு அப்பவே வலிச்சிருக்குமே?"

ரோத்யா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தோள் இத்தனை சாம்பல் நிறமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"கேக்கறாருல்ல, பதில் சொல்லுடா," என்றாள் தமாரா இக்னாத்யெவ்னா.

"கொஞ்சம் வலிச்சுது."

கோட்டுக்குள் கையை விட்டபடியே உல்யானா கேட்டாள். குரல் உயரவில்லை. "மே மாசமும் வலிச்சுதா?"

மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். ரோத்யா தலை குனிந்தான். அது போதுமாயிருந்தது.

"உன் கையைத்தான் கேட்டேன்," என்றாள் அவள். "வேற யாரையும் கேக்கல. மெஷினைக்கூடக் கேக்கல." அவ்வளவுதான் சொன்னாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டு அறைந்து சாத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அறுவை முடிந்து கட்டோடு கிடந்தவனைப் பார்க்க உல்யானாவின் அம்மா வந்தாள். கல்யா அத்தை ரொட்டித் தொழிற்சாலைக்காரி, கோட்டில் எப்போதும் ஈஸ்ட் வாசம். முட்டைக்கோஸை உள்ளே வைத்துச் சுட்ட பிரோஷ்கி பன்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள், இன்னும் சூடு போகவில்லை.

"நீ அடியில விழுந்துதான் எம்பொண்ணு முதுகு தப்பிச்சுதுன்னு சொன்னாங்க," என்றாள். "உன்னைப் பெத்தவளுக்கு நான் என்ன சொல்லுவேன். சாப்பிடு கண்ணு. இந்தக் கையால முடியுமா, நான் பிச்சுத் தரட்டா?"

அவன் சாப்பிட்டான். அவள் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உல்யானா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் இந்தச் சூடான பிரோஷ்கி வந்திருக்காது.

"அவளுக்கு வேற பையன் பாத்துக் கொடுப்பாங்கல்ல, ரோத்யா? கோச் மேடம்கிட்ட கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. தனியா ஆடட்டும்னா, ஜோடிக்கு வந்தப்புறம் தனி ஆட்டத்துத் தாவல் எல்லாம் விட்டுப்போச்சாமே. நீ தொழில்ல இருக்கிறவன், உனக்குத் தெரியும்."

"பாப்பாங்க அத்தை," என்றான். "கண்டிப்பா கிடைப்பான்."

அவள் முகம் தெளிந்தது. மிச்சத்தைத் துணியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கிடைக்கவில்லை. மராத்துக்குக் கோடையிலேயே வேறு பெண் வந்துவிட்டாள், இருவரும் நன்றாக ஆடுகிறார்கள் என்று கேள்வி. மற்றப் பையன்கள் உல்யானாவின் பக்கத்தில் வந்து நின்று உயரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விலகினார்கள். புது வருஷத்துக்கு முன்னால் அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தாள்.

ஒருநாள் ரோத்யா அங்கே போய் வாசலில் நின்றான். ஷிப்டு முடிந்து பெண்கள் கும்பலாக வந்தார்கள். நடுவில் உல்யானா, வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே. கோட்டுக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. முகத்தில் சதை பிடித்திருந்தது. கூட வந்தவளிடமிருந்து ஒரு ரொட்டித் துண்டை வாங்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"யாருடி, உன் ஆளா?" என்றாள் கூட வந்தவள்.

"முன்னாடி என்னைத் தூக்கினவன்."

அவர்கள் சிரித்தார்கள். உல்யானா சிரிக்கவில்லை. கும்பல் விலகிய பிறகு, "தோள் எப்படி?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல. சரியாயிடுச்சு."

"நீ சொல்றே." ரொட்டியின் மிச்சத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "பஸ் வந்துரும், போறேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் போயிருந்தான். வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தான். அவள் பஸ்ஸில் ஏறி, உட்கார இடமிருந்தும் உட்காராமல் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பனி இளகத் தொடங்கியபோது தமாரா இக்னாத்யெவ்னா அவனைத் தளத்துக்குக் கூப்பிட்டாள். வார்யா என்று ஒரு சின்னப் பெண், கிரோவ் பக்கத்திலிருந்து வந்தவள். அவன் மார்புக்குக்கூட வரமாட்டாள். அம்மாவும் அப்பாவும் மரத்தடுப்புக்கு வெளியே கைகோத்துக்கொண்டு, கோயிலில் நிற்பவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். வார்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பிடித்த கையையே பெருமையாகப் பார்த்தாள்.

"மெதுவா ஆரம்பிங்க," என்றாள் தமாரா இக்னாத்யெவ்னா. "நேராத் தூக்கி நேரா இறக்கு."

வேகம் எடுத்தார்கள். அவன் முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துத் தூக்கினான். கைகள் தாங்களாகவே போயின. எதிர்ப்பே இல்லாமல் போயின. பிள்ளை அவன் பிடியைத் தாண்டிச் சாய்ந்துவிட்டது, இடுப்பில் வாரிப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று. வெளியே அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா பண்றே?" என்றாள் தமாரா இக்னாத்யெவ்னா. "யாரைத் தூக்குறதா நினைப்பு? இது கோழிக்குஞ்சு. கோழிக்குஞ்சுக்கு உண்டான பலத்தைப் போடு. திரும்ப."

வார்யா பயப்படவில்லை. "அண்ணா, இன்னும் உயரமாப் போகலாம், எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள்.

திரும்ப வேகம் எடுத்தார்கள். பாதிப் பலம் என்று அவன் கைகளுக்குச் சொன்னான். பாதியிலும் பாதி என்றான். முழங்கால் மடங்கியது, மூச்சு தானாகக் கட்டியது. தோளுக்குள் தைத்த இடம் இழுத்துக்கொள்ள, கைகள் அந்தப் பழைய நீளத்தை, அந்தப் பழைய கனத்தை எதிர்பார்த்து முழுசாக மேலே எழும்பின. பிள்ளை அவன் உள்ளங்கையை விட்டுப் பிரிந்துவிட்டாள். அவள் வயிற்றுக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு சாண் காற்று. கையை விரித்து, வாயைத் திறந்து சிரித்தபடி அவள் கூரை விளக்குக்குக் கீழே அந்தரத்தில் நின்றாள். அவன் கழுத்தை அண்ணாந்து, விரித்த கைகளோடு, அந்த வெறும் இடத்துக்கு அடியில் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தான்.