டாக்டர் எங்களையே கேட்டார்

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

என் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு டாக்டர் வெளியே வந்து எங்களிடம் இதையேதான் கேட்டார். "குடும்பத்துல பேசி நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க." மறுநாள் அப்பாவைத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. டாக்டர் திட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். டாக்டர் நம்மைக் கேட்டால் கதை முடிந்தது.

இப்போது கேட்டது என் மனைவியைப் பற்றி. அவளுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கும். காலையில் எழுந்தால் கை மரக்கட்டை மாதிரி மடங்காமல் நிற்கும். அவள் வேலையோ குழந்தைகள் காப்பகத்தில். நடக்கத் தெரியாததுகளைத் தொட்டிலிலிருந்து தூக்கி, துடைத்து, துணி மாற்றி, மறுபடி படுக்க வைக்க வேண்டும். கை இல்லாவிட்டால் அந்த வேலையே இல்லை.

பழைய டாக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக் கொடுத்துவிட்டு மணியை அடிப்பார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. அவர் ஓய்வு பெற்று, இந்தப் புது டாக்டரம்மா வந்திருந்தார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த ஓரம் அரிச்சிருக்கு பாருங்க. இப்படியே விட்டா போனது திரும்பாது. ரெண்டு வழி இருக்கு. இப்ப சாப்பிடறதோட இன்னும் ரெண்டு மாத்திரை சேக்கலாம், மெதுவாத்தான் கேக்கும். இல்லன்னா ஊசி. சீக்கிரம் கேக்கும், ஆனா எதிர்ப்புச் சக்தி குறையும். சளி காய்ச்சல் சட்டுனு தொத்திக்கும்." அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "கையப் பாத்தா பரவாயில்ல. எக்ஸ்ரே வேற மாதிரி சொல்லுது. அதான் எனக்குப் புரியல. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நாங்க நினைக்க என்ன மேடம் இருக்கு? நீங்க சொன்னா சரி."

"நான் அவங்களக் கேட்டேன்," என்றார். கோபமாக இல்லை. "யோசிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க. சேந்து முடிவு பண்ணலாம்."

நான் லிஃப்ட் மெக்கானிக். படி இறங்கும்போது பொருமினேன். "மோட்டாரத் திறந்து போட்டுட்டு, எந்த ஒயர மாத்தலாம்னு நான் குடியிருக்கறவங்களக் கேட்டா எப்படி இருக்கும்?"

"அந்த லிஃப்ட்ல யாரு ஏறுவா?" என்றாள்.

சாயங்காலம் மச்சினி போன் செய்தாள். "அத்தான், உங்களையேவா கேட்டாங்க? அப்ப கைய விரிச்சுட்டாங்கன்னு அர்த்தம். வேற டாக்டரப் பாருங்க."

"உங்க அக்காகிட்ட இதச் சொல்லித் தொலைக்காதே," என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க நான் நானாகவே இல்லை. லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை செய்யும்போது, மெயினை அணைத்தது நான்தான் என்று தெரிந்தும், தலைக்கு மேலிருக்கும் பெட்டியை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் அவள் வேறு மாதிரி இருந்தாள். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். தண்ணீர் நிரப்பிய கேனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள், கட்டிலில் மெதுவாக இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. போங்க."

டாக்டரைப் பார்க்கப் போகும் காலையில் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். ரவிக்கைக் கொக்கியை மாட்ட அவளால் முடியவில்லை. கையைப் பார்த்தேன். விரல்கள் ஊதி, மூட்டுக்கு மூட்டு சிவந்திருந்தன.

"டாக்டர்கிட்ட போறப்பல்லாம் நல்லாத்தானே இருக்கும்?"

"அது அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. வலி தாங்கலன்னா மட்டும் போடச் சொல்லி பழைய டாக்டர் குடுத்தாரே. போறதுக்கு முந்தின நாளே ரெண்டு போட்டுக்குவேன். வீக்கம் வத்திடும்."

"ஏண்டி அப்படி?"

"விருந்தாளி வந்தா வீட்டக் கூட்டறதில்லையா? அது மாதிரிதான். கையப் பாத்துட்டு, வேலைக்குப் போகாதேன்னு சொல்லிட்டா?"

"இப்ப ஏன் போடல?"

"எக்ஸ்ரேவ ஏமாத்த முடியலியே."

கொக்கியை மாட்டிவிட்டேன்.

டாக்டரம்மா முன்னால் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, வெள்ளை மாத்திரைக் கதையைத் தானே சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. விரல்களை மறுபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"மேடம், மறைக்காம சொல்லிடுங்க. இவளுக்கு இன்னும் எவ்ளோ நாள்?"

"எதுக்கு?"

"இல்ல... எங்களையே முடிவு பண்ணச் சொன்னீங்களே. எங்கப்பாவுக்கும் அப்படித்தான் கேட்டாங்க."

"ஏங்க!" அவள் என் பக்கம் திரும்பினாள். "இதையா வாரம் பூரா மனசுல வச்சிட்டிருந்தீங்க? நான் என்னமோ ஊசின்னதும் பயந்து மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "சார், இப்ப உயிருக்கு ஆபத்துன்னு நான் கேக்கல. ரெண்டு வழியும் நல்ல வழிதான். எது இவங்களுக்குப் பொருந்தும்னா, இவங்க நாள் எப்படிப் போகுதுன்னு தெரியணும். அது எக்ஸ்ரேல வராது." அவளிடம் குனிந்தார். "உங்களுக்கு எத நினைச்சாம்மா ரொம்பப் பயம்?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு குட்டி இருக்கா. பூசணின்னு கூப்பிடுவோம், அவ்ளோ கனம். அன்னிக்குத் தொட்டில்லேர்ந்து தூக்கறப்ப விரல் விட்டுடுச்சு. மெத்தையிலதான் விழுந்தா. விளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சா. யாரும் பாக்கல. சாயங்காலம் அவங்கம்மா வந்து, நல்லாப் பாத்துக்கறீங்கன்னு எனக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க மேடம்."

தண்ணீர்க் கேன் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அங்க குழந்தைங்களுக்கு அடிக்கடி சளி வருமா?"

"வருமாவா? மூக்கு ஒழுகாத குழந்தையப் பாத்தா, யாரு இதுன்னு கேப்போம்."

"அப்ப ஊசிய நல்லா யோசிக்கணும்."

"யோசிச்சிட்டேன். சளி வந்தா எனக்கு வரும். கை விட்டா அவளுக்கு. ஊசியே போடுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி," என்றார் டாக்டர். "முதல்ல ரத்தம், டிபி எல்லாம் சோதிச்சிடலாம். தடுப்பூசி பாக்கி இருந்தா போட்டுடலாம். காய்ச்சல் வந்தா ஊசியத் தள்ளி வச்சுட்டு உடனே எனக்குப் போன் பண்ணணும். வெள்ளை மாத்திரை நான் சொன்னா மட்டும். கை தேறற வரைக்கும் குழந்தைங்களத் தூக்கக் கூடாது."

"தூக்காதவளுக்கு அங்க என்ன வேலை மேடம்?" மடியைக் காட்டினாள். "நான் தரையில உக்காந்துக்கறேன். வேற யாராவது தூக்கி மடியில விட்டா?"

டாக்டர் சீட்டில் குறித்துக்கொண்டார். "மடியிலன்னா சரி."

இரண்டு பேரும் பேரம் பேசுவது போலிருந்தது. டாக்டரோடு இப்படிப் பேசலாம் என்றே எனக்குத் தெரியாது.

சோதனையில் ஒன்றும் இல்லை. ஊசி பேனா மாதிரி இருந்தது. தொடையில் வைத்து அமுக்கினால் போதும். ஆனால் அமுக்க அவள் விரலில் பலமில்லை. நர்ஸ் எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார்.

முதல் ஊசியன்று அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் தரையில் மண்டி போட்டேன். பேனாவைத் தொடையில் வைத்தேன், எடுத்தேன். இதனால் ஏதாவது ஆகிவிட்டால், அமுக்கியது நான்தானே?

"முடிவு நான் பண்ணிட்டேங்க. அமுக்கற வேலைதான் உங்களுக்கு. லிஃப்ட் பட்டன்னு நினைச்சுக்குங்க."

"எந்த மாடிக்கு? மேலேன்னு மட்டும் சொல்லிடாதே."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே வீங்கிய கையால் என் தோளைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான் என்று அந்தப் பிடியில் தெரிந்தது.

அமுக்கினேன்.