அணையும் பாறையும் சேருமிடம்

சென்னையில் எம்.இ. இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த ஜெயசுதா, விடுப்புக்குச் சொந்த ஊரான வடக்கனந்தல் வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். 1987 செப்டம்பர் அது. இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் கள்ளக்குறிச்சி சாலை நெடுகப் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. பஸ் ஓடவில்லை.

ஓர் அணைச்சுவரையும் அதன் அடிப்பாறையையும் கம்ப்யூட்டரில் தனித்தனியே கட்டங்களாகப் பிரித்து, பிறகு ஒட்டவைக்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆய்வு. சுவரில் கட்டங்கள் பொடி, பாறையில் பெரிசு. ஒட்டும் கோட்டில் ஒன்றின் புள்ளிக்கு நேராக மற்றதன் புள்ளி வராது. கணக்கு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. ஊரில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? சின்னதாக ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு, மேலே மூன்று புள்ளி, கீழே நான்கு புள்ளி வைத்துக் கையாலேயே போட்டுப் பார்த்துச் சலித்துப்போனாள்.

மத்தியானம் தம்பி இளவரசன் கோடாலியோடு வந்தான்.

"இன்னும் அதையே போட்டுக்கினு கீறியாக்கா?"

"வரமாட்டேங்குதுடா."

"உனக்குக் கணக்கு வரல. எனக்கு காலேஜ் சீட்டே வரல. மார்க்கு கம்மின்னுட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். அவள் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் போலீஸ் வந்தது. கை கழுவக்கூட விடாமல் அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

மறுநாள் அப்பா சின்னராசுவும் அவளும் மரங்களை ஏறித் தாண்டி நடந்தே கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனார்கள். போலீஸ் வேன் வருவதாகக் காணோம். அப்பா துண்டை விரித்துப் படுத்துவிட்டார். வேறு செய்ய ஒன்றுமில்லாமல் அவள் காகிதத்தை எடுத்தாள்.

மேல்புள்ளி ஒவ்வொன்றும் கீழ்க்கோட்டோடு ஒட்டவேண்டும், கீழ்ப்புள்ளி ஒவ்வொன்றும் மேல்கோட்டோடு ஒட்டவேண்டும் என்று இரண்டு பக்கமும் நிபந்தனை எழுதியிருந்தாள். மேல்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் நேருக்கு நேர் வரும் இரண்டு ஓரத்திலும் மட்டும் ஒரே நிபந்தனை இரண்டு தடவை விழுந்திருந்தது. கணக்கு நின்றதற்குக் காரணம் அதுதான். இரட்டிப்பை அடித்ததும் விடை வந்தது. ஆனால் சுமை ஏற்றியும் ஒட்டும் கோடு வளையாமல் கம்பிபோல் விறைத்து நின்றது. அத்தனை நிபந்தனைக்கும் நேர்க்கோடு ஒன்றுதான் அடங்கும். யோசித்து, ஒரு பக்கத்து நிபந்தனையை மட்டும் வைத்தாள். அதையும் புள்ளிக்குப் புள்ளி கேட்காமல், இடைவெளியின் சராசரி சுழியமானால் போதும் என்று எழுதினாள். அங்கங்கே மயிரிழை இடைவெளி விழுந்தது. ஆனாலும் கோடு வளைந்தது, சுவரின் சுமை சிந்தாமல் பாறைக்கு இறங்கியது.

சந்தோஷப்படத் தெம்பில்லை. கண் எரிந்தது.

வேன் வந்தபோது இளவரசனின் உதடு வீங்கியிருந்தது. ரிமாண்டு, கடலூர் ஜெயில் என்றார் வக்கீல்.

"அக்கா, பஸ் வுட்டதும் கெளம்பு. எனக்காவக் குந்திக்கினு இருக்காத," என்று வேன் கம்பிக்குள்ளிருந்து கத்தினான். அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

சாலை திறந்ததும் அவள் கடலூரில் இறங்கி, தம்பியைப் பார்த்து மாற்றுச்சட்டை கொடுத்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனாள். கணக்கு ஒரே ஓட்டத்தில் முடிந்தது. பேராசிரியர் விடையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஏம்மா இவ்வளவு தாமதம்?"

"ஊர்ல கொஞ்சம் வேலை இருந்திச்சி சார்," என்றாள்.